விரலால் அளந்த கடல்

ஷார்ஜா என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட் மைதானம் நினைவுக்கு வரும். அடுத்தபடியாக, துபாயில் வேலை பார்த்துக்கொண்டு, வாடகை கட்டுப்படியாகும் என்று ஷார்ஜாவில் குடியிருக்கும் சொந்தக்காரர்கள் யாராவது. அந்த நகரத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் இருக்கின்றன என்பது அங்கேயே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்களில் பலருக்கும் தெரியாது. 1998இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை அரபு உலகின் பண்பாட்டுத் தலைநகரமாக அறிவித்ததற்கு இந்த அருங்காட்சியகங்களும் ஒரு காரணம்.

அரபு மரபைப் பார்க்கப் போகிறவர்கள் தங்கமும் வாளும் கம்பளமும் தேடிப் போவது வழக்கம். அவையெல்லாம் அங்கே உண்டு. ஆனால் என்னைக் கட்டிப்போட்டவை அளவுகள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லாத காலத்தில், விரல், மூச்சு, நாணல், கயிறு என்று கைக்கு எட்டியவற்றைக் கொண்டே ஒளியையும் கடலையும் காற்றையும் எழுத்தையும் அந்த மக்கள் அளந்திருக்கிறார்கள். அந்தத் துல்லியம் இன்றைய இயற்பியல் வகுப்பிலும் நிற்கக்கூடியது.

கடற்கரைச் சாலையில் தங்கக் கவிகை மாடத்தோடு நிற்கும் இஸ்லாமிய நாகரிக அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கலாம். 1987இல் அங்காடியாகக் கட்டப்பட்ட கட்டடம் இது, 2008இல் அருங்காட்சியகமானது. மாடத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், பன்னிரண்டு ராசிகளோடு இரவு வானம் முழுவதும் சிறு கற்களால் பதிக்கப்பட்டிருப்பது தெரியும். கீழ்த்தளத்தில் உள்ள அறிவியல் கூடத்துக்கு இப்னு அல்ஹைதமின் பெயரை வைத்திருக்கிறார்கள். மிகப் பொருத்தமான பெயர்.

பஸ்ராவில் 965 வாக்கில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர் அவர். கண்ணிலிருந்து கதிர்கள் கிளம்பிப்போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் எழுதிவைத்திருந்தார்கள். இப்னு அல்ஹைதம் அதை ஏற்கவில்லை. அப்படியானால் சூரியனைப் பார்க்கும்போது கண் ஏன் வலிக்கிறது என்று கேட்டார். ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்பது அவர் முடிவு. அந்த ஒளி எப்படிப் பயணம் செய்கிறது என்று காட்ட அவர் செய்த சோதனை மிக எளிமையானது. ஓர் இருட்டறை. அதன் சுவரில் ஒரு சிறு துளை. துளைக்கு வெளியே வெவ்வேறு இடங்களில் சில விளக்குகள். உள்ளே எதிர்ச்சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளிப்பொட்டு விழும். வெளியே ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் அணையும். மறைப்பை எடுத்தால் அது அதே இடத்தில் மீண்டும் தோன்றும். எல்லா விளக்குகளின் ஒளியும் ஒரே துளையில் நெருக்கிக்கொண்டு நுழைந்தும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் நேர்கோட்டிலேயே போயிருக்கிறது. 1011க்கும் 1021க்கும் இடையில் அவர் எழுதிய ஒளியியல் நூல் லத்தீனுக்குப் போய், ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது. ஜன்னலைப் போர்வையால் மூடி இந்தச் சோதனையை எந்தப் பிள்ளையும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்; கட்டாயம் செய்ய வைக்க வேண்டும் என்பேன்.

இந்தக் கூடத்தில் பித்தளை அஸ்ட்ரோலேப்கள் கூட்டத்தை இழுக்கும். வானத்தின் உருண்டையை ஒரு தட்டில் படியவைத்து, நேரத்தையும் தொழுகைத் திசையையும் கணக்கிட உதவிய கருவி அது. அழகுதான். ஆனால் ஆடும் மரக்கலத்தில் நிற்கிறவனுக்கு அது அவ்வளவாக உதவாது. அவனுடைய கருவியைக் காண அல்கான் பகுதியில் இருக்கும் கடல்சார் அருங்காட்சியகம் பக்கம் போக வேண்டும்.

கமால் என்பது அதன் பெயர். ஓர் உள்ளங்கை அளவு மரப்பலகை, நடுவில் துளை, துளையில் முடிச்சுகள் போட்ட ஒரு கயிறு. அவ்வளவுதான். மாலுமி கயிற்றின் ஒரு முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, கயிறு விறைக்கும்வரை பலகையை முன்னால் நீட்டுவான். பலகையின் கீழ் விளிம்பு தொடுவானத்தில் படிய வேண்டும். மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அட்சரேகைக்கு அவன் வந்துவிட்டான் என்று பொருள். நட்சத்திரம் பலகைக்கு மேலே தெரிந்தால் அவன் வடக்கே தள்ளி நிற்கிறான். பலகைக்குப் பின்னால் மறைந்தால் தெற்கே. கோழிக்கோட்டுக்குப் போகிறவன் கோழிக்கோட்டு முடிச்சுக்கு நட்சத்திரம் சரியாக வந்து நிற்கும்வரை தெற்கே இறங்கி, பிறகு அந்த உயரம் மாறாமல் பார்த்துக்கொண்டு கிழக்கே ஓட்டினால் போதும். கரை தானாக வரும்.

இந்தக் கோணத்துக்கு அவர்கள் வைத்த அலகு இஸ்பா, அதாவது விரல். நீட்டிய கையில் ஒரு விரலின் அகலம் வானத்தில் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ அது ஓர் இஸ்பா. முழு வட்டத்துக்கு 224 விரல் என்று கணக்கு வைத்தார்கள். இன்றைய அளவில் ஒரு விரல் ஒன்றரை பாகைக்குச் சற்று மேல். துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு அருகிலேயே நிற்கும் நம் வெப்பமண்டலக் கடல்களுக்கு இந்தப் பலகை கச்சிதமாகப் பொருந்தியது. கோணம் பெரிதாகிவிட்டால் பலகையும் பெரிதாக வேண்டும். ஐரோப்பாவின் வடகடலில் இது சரிப்படாது. சோழமண்டலக் கரையின் தமிழ் மாலுமிகளும் இதையொத்த ஒரு பலகையை வைத்திருந்தார்கள். இராப்பலகை என்று அழைத்தார்கள்.

இந்தக் கலையின் பேராசான் அகமது இப்னு மாஜித். ஷார்ஜாவுக்கு வடக்கே, இன்றைய ராஸ் அல்கைமாவில் இருந்த ஜுல்பார் என்ற துறைமுகத்துக்காரர். 1490 வாக்கில் அவர் எழுதி முடித்த கடலோடிகளுக்கான பெருநூலைப் பற்றிப் படிக்கும்போது ஒரு விஷயம் வியக்க வைக்கிறது. அவர் காலத்தில் துருவ நட்சத்திரம் உண்மையான வடதுருவப் புள்ளியிலிருந்து மூன்றரை பாகை அளவுக்கு விலகி நின்றது. இன்று விலகல் ஒரு பாகைக்கும் குறைவு. அவ்வளவு விலகி நின்றதால் அன்று இரவு முழுவதும் அது ஒரு சிறு வட்டம் அடித்துக்கொண்டிருந்தது. எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். அந்த நட்சத்திரம் வட்டத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மற்ற நட்சத்திரங்கள் எழுவதையும் சாய்வதையும் கொண்டு கணித்து, மாலுமிகள் பிழையை நீக்கினார்கள். வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் இவர்தான் என்று நெடுநாள் சொல்லப்பட்டுவந்தது. வரலாற்றறிஞர்கள் இன்று அதை ஏற்பதில்லை. அந்தக் கதை இல்லாமலே இவர் பெரிய ஆள்தான்.

தொல்லியல் அருங்காட்சியகத்தை நேரம் இருப்பவர்கள் தவறவிடக் கூடாது. அங்கே உள்ள, ஜபல் ஃபாயா மலையில் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுப் பழமையானவை. மனித இனம் ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய வழியைப் பற்றிய விவாதத்தையே அவை கிளறிவிட்டன.

எழுத்துக்கலை அருங்காட்சியகம் சிறியது, 2002இல் திறக்கப்பட்டது. அரபு எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் அங்கே ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. நாணலைச் சாய்வாகச் சீவிய எழுதுகோலைத் தாளில் வைத்து லேசாக இழுத்தால் ஒரு சாய்சதுரப் புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் எல்லாவற்றுக்கும் அளவுகோல். துலுத் என்னும் எழுத்து முறையில், அரபின் முதல் எழுத்தான அலிஃப் ஏழு புள்ளி உயரம் நிற்க வேண்டும். அந்த அலிஃபை விட்டமாக வைத்து வரைந்த வட்டத்துக்குள் மற்ற எழுத்துகளின் வளைவுகள் அடங்க வேண்டும். எழுதுகோல் தடிமனானால் புள்ளி பெரிதாகும். எழுத்தும் அதே விகிதத்தில் வளரும். பள்ளிவாசல் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதினாலும் மோதிரக் கல்லில் எழுதினாலும் விகிதம் மாறாது.

இந்த விகித முறையை வகுத்தவர் பாக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா. அரண்மனைச் சதிகளில் சிக்கி, வலது கையை இழந்து, 940இல் சிறையில் இறந்தார். வெட்டுண்ட கையில் எழுதுகோலைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவுப் பசையும் முட்டை வெள்ளைக்கருவும் படிகாரமும் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய தாள் அது. விளக்குக் கரியும் கருவேலம் பிசினும் சேர்ந்த மை, தாளுக்குள் ஊறாமல் அந்தப் பூச்சின் மேலேயே தங்கிவிடும். தவறு நேர்ந்தால் ஈரவிரலால் துடைத்துவிட்டு மீண்டும் எழுதலாம்.

எழுத்துக்கலை அருங்காட்சியகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் மரபு வட்டாரம். குறுகலான சந்துகள், பகலிலும் நிழல். 1845 வாக்கில் ஒரு முத்து வணிகர் கட்டிய பைத் அந்நபூதா என்ற வீடு இப்போது அருங்காட்சியகம். சுவர்கள் கடலடியிலிருந்து வெட்டி எடுத்த பவளப்பாறைக் கற்கள். உற்றுப் பார்த்தால் உயிரினம் கட்டிய நுண்ணறைகள் தெரியும். அந்த அறைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. கூரைக்குக் கிழக்காப்பிரிக்கக் கழிமுகங்களிலிருந்து வந்த அலையாத்தி மரக் கழிகள். தூண்களுக்கும் கதவுகளுக்கும் இந்தியத் தேக்கு. பழைய வீடுகளின் அறைகள் ஏன் இப்படி ஒடுங்கி நீண்டிருக்கின்றன என்று தோன்றும். அலையாத்திக் கழியின் நீளம்தான் அறையின் அகலத்தைத் தீர்மானித்தது.

இந்த வட்டாரத்தின் பெருமை பர்ஜீல் என்னும் காற்றுக்கோபுரம். நாலாபுறமும் திறந்த, உள்ளே குறுக்குச் சுவர்களால் நான்கு குழாய்களாகப் பிரிந்த கோபுரம். தரையை விட உயரத்தில் காற்றுக்கு வேகம் அதிகம், புழுதி குறைவு. எந்தத் திசையிலிருந்து வீசினாலும் அந்தப் பக்கத்துக் குழாயில் காற்று மோதிக் கீழே இறங்கும். எதிர்ப்பக்கத்தில் காற்றழுத்தம் குறைவதால், அறையின் வெப்பக்காற்று அந்தக் குழாய் வழியே உறிஞ்சப்பட்டு வெளியேறும். காற்று அடங்கிய நாளில், வெயிலில் சூடான கோபுரம் புகைபோக்கியைப் போல வேலை செய்யும். வளைகுடாக் கரையின் கோடையில் புழுக்கம் மிகுதி. உள்ளே வருவது குளிர்ந்த காற்று என்று சொல்ல முடியாது. ஆனால் நகரும் காற்று வியர்வையை உலர்த்தும். உடம்பைக் குளிரவைப்பது அந்த உலர்தல்தான். பக்கத்திலேயே, 1927இல் செய்தித்தாள் தொடங்கிய இப்ராஹிம் அல்மித்ஃபாவின் மஜ்லிஸ், அதாவது வரவேற்பு வீடு, இருக்கிறது. அதன் கோபுரம் மட்டும் வட்டமாக இருக்கும். மற்ற இடங்களில் சதுரமானவற்றையே பார்க்கலாம்.

இந்த வீடுகளையெல்லாம் கட்டிய பணம் கடலடி முத்திலிருந்து வந்தது. ஜபல் புஹைஸ் என்ற மலைப்பகுதியில் ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவர்களோடு முத்துகள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பழைய தொழில்.

கோடையில் நாலு மாதம், நாகுதா என்னும் தலைவனின் கீழ், கப்பல்கள் முத்துத்திட்டுகளுக்குக் கிளம்பும். குளிப்பாளி மூக்கில் ஆமையோட்டாலோ கொம்பாலோ செய்த இடுக்கியை மாட்டுவான், விரல்களுக்குத் தோலுறை, கழுத்தில் வலைக்கூடை, காலில் கயிற்றோடு கட்டிய கல். கல்லின் கனத்தில் கீழே போவான். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன், கீழிருந்து ஓர் இழுப்பு வந்ததும் அவனைத் தூக்குவான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, நுரையீரலில் உள்ள காற்று பாதியாகச் சுருங்கும். இருபது மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகும். முகம் நீரில் அமிழ்ந்ததும் இதயத்துடிப்பு மெதுவாகும். கைகால்களின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, இருக்கிற ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கும். திமிங்கலத்துக்கும் சீலுக்கும் உள்ள அதே அனிச்சைச் செயல், நமக்கும் உண்டு. காலையில் கொஞ்சம் பேரீச்சை, காப்பி. வயிறு நிறையச் சாப்பாடு இரவில்தான். நாளெல்லாம் இப்படி மீண்டும் மீண்டும் இறங்க வேண்டும்.

முத்தின் மினுமினுப்புக்குக் காரணம் அதன் அடுக்குகள். ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தடிமன். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் அதே அளவில்தான் இருக்கிறது. ஆகவே அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் அந்த வண்ணச் சாயலைத் தருகின்றன. வணிகர்கள் துளையிட்ட செப்புத் தட்டுகளில் முத்துகளைச் சலித்து, தலை, வயிறு, வால் என்று தரம் பிரித்துச் சிவப்புத் துணியில் முடிந்து பம்பாய்க்கு அனுப்பினார்கள். விலைக்கு எடையின் வர்க்கத்தைக் கணக்கிட்டார்கள்: இரு மடங்கு எடையுள்ள முத்துக்கு நான்கு மடங்கு மதிப்பு. வளைகுடாவின் குளிப்பாளிகள் மன்னாருக்கும் வந்தார்கள். 1906இல் இலங்கைக் கரையின் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் அரபுகளும் தமிழர்களும் ஒரே கடலில் இறங்கியதை, அங்கே அரசு அதிகாரியாக இருந்த எழுத்தாளர் லெனார்ட் வுல்ஃப் பதிவு செய்திருக்கிறார்.

கடல்சார் அருங்காட்சியகத்துக் காட்சிப் பெட்டியின் அழகில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. குளிப்பாளிகள் முன்பணம் வாங்கித்தான் கப்பலேறினார்கள். கடன் தீராமல் செத்தால் அது மகன் தலையில் ஏறியது. அந்தக் கண்ணாடிக்குள் இருக்கும் மூக்கிடுக்கி, அப்படி ஒரு தலைமுறையின் முகத்தில் இருந்தது.

1920களில் ஜப்பானின் மிகிமோட்டோ வளர்த்த முத்துகள் சந்தையை நிறைத்தன. 1929இன் பொருளாதாரச் சரிவு மிச்சத்தையும் முடித்தது. கரையோர ஊர்களில் பசி. அந்த நேரத்தில், 1932இல், லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் பறந்த இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் இறங்கித் தங்க ஷார்ஜாவின் ஆட்சியாளர் இடம் கொடுத்தார். வாடகை ரூபாயில் வந்தது. அப்போது வளைகுடாவில் புழங்கியது இந்திய நாணயம்தான். கோட்டை போலக் கட்டிய அந்த விமான நிலையம் இன்று அல்மஹத்தா அருங்காட்சியகம். ஓடுபாதை நகரத்தின் நடுவே மன்னர் அப்துல் அஜீஸ் சாலையாகிவிட்டது. கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இதையும் அதே நாளில் பார்த்துவிடுவது நல்லது. கப்பல்கள் ஏன் கரையிலேயே நின்றுபோயின, எண்ணெய் வருவதற்கு முன்னான அந்த வறண்ட ஆண்டுகளை நகரம் எப்படிக் கடந்தது என்ற கேள்விகளுக்கு விடை இரண்டு கட்டடங்களிலும் பாதிப் பாதியாக இருக்கிறது.