5.5-க்கும் 10-க்கும் நடுவே 19 கோடி பவுண்ட்

2014 ஏப்ரல் தொடக்கத்தில் அயர்லாந்து அரசின் தேசியச் சொத்து மேலாண்மை முகமை, தன் கையிலிருந்த ஒரு பெரிய கடன் தொகுப்பை மொத்தமாக விற்றுவிட்டதாக அறிவித்தது. வட அயர்லாந்தைச் சேர்ந்த கட்டுமான முதலாளிகள் நிலத்தையும் கட்டடங்களையும் அடமானம் வைத்து வாங்கிய கடன்கள் அவை. அவர்கள் தர வேண்டிய தொகை சுமார் 450 கோடி பவுண்ட். விலை போனது 124.1 கோடி பவுண்டுக்கு. நூறு பவுண்ட் கடன் 28 பவுண்டுக்கும் சற்றுக் குறைவாக விற்றது. வாங்கியது நியூயார்க்கின் செர்பரஸ் முதலீட்டு நிறுவனம். விற்பனைக்கு வைத்த பெயர் புராஜெக்ட் ஈகிள்.

நூறுக்கு 28 என்றதும் கோபம் வரும். ஆனால் தவறு அந்த 28-இல் இல்லை. அடமானச் சொத்தின் மதிப்பு சரிந்துபோன கடனுக்கு முகமதிப்பு ஒரு பழைய நினைவு மட்டுமே. கேட்க வேண்டிய கேள்வி வேறு. விற்காமல் வைத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? அதை யார் கணக்கிட்டார்கள், எந்த வட்டியில் கணக்கிட்டார்கள்?

முகமை எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2008-இல் அயர்லாந்தின் வீட்டு மனைச் சந்தை சரிந்தபோது வங்கிகளும் சரிந்தன. அவற்றைத் தூக்கி நிறுத்த அரசு கொட்டிய மூலதனம் 6,400 கோடி யூரோ. 2009-இல் சட்டம் இயற்றி நாமா என்ற இந்த முகமை அமைக்கப்பட்டது. ஐந்து வங்கிகளிடமிருந்து 7,400 கோடி யூரோ முகமதிப்புள்ள நிலக் கடன்களை அது எடுத்துக்கொண்டது. கொடுத்த விலை 3,180 கோடி. அந்த விலையிலும் 560 கோடி, அன்றைய சந்தை மதிப்புக்கு மேல் வங்கிகளுக்குக் கொடுத்த உதவி. விலை பணமாகத் தரப்படவில்லை. பெரும்பகுதி அரசு உத்தரவாதம் கொண்ட பத்திரங்களாகத் தரப்பட்டது. எனவே நாமா ஒரு கடனைக் குறைந்த விலைக்கு விற்றால் அந்தச் சுமை கடைசியில் வரி கட்டுபவரின் தலையில்தான் விழும்.

நாமாவுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். அரசு உத்தரவாதம் தந்த 3,020 கோடி யூரோ முதன்மைப் பத்திரக் கடனை, 2020 வரை காலம் இருந்தும், 2017 அக்டோபரிலேயே அது அடைத்து முடித்தது. முடிவில் அரசுக்கு 500 கோடி யூரோவுக்கு மேல் உபரி வரும் என்று கணித்தது. மொத்தக் கணக்கில் தோற்ற முகமை அல்ல அது. அதனாலேயே ஈகிள் விற்பனையை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மொத்த உபரியைக் காட்டி ஒரு தனி விற்பனையின் கேள்விகளை மூடிவிட முடியாது.

இனி மையக் கணக்கு. அயர்லாந்தின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஷேமஸ் மெக்கார்த்தி 2016 செப்டம்பரில் வெளியிட்ட சிறப்பு அறிக்கையின் சாரத்தை மூன்று வரியில் எழுதிவிடலாம்.

கடன்களை நாமாவே வைத்திருந்து படிப்படியாக வசூலித்திருந்தால், வரவின் இன்றைய மதிப்பு: 149 கோடி பவுண்ட்.
நாமா வாரியம் நிர்ணயித்த குறைந்தபட்ச விற்பனை விலை: 130 கோடி பவுண்ட்.
அரசுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பு: 19 கோடி பவுண்ட் வரை.

(இறுதி விலை 130 கோடிக்கும் கீழே இருப்பதற்குக் காரணம் உண்டு. இடையில் சில சொத்துகள் விற்றுப் பணமாகிவிட்டதால் வரம்பு 123 கோடியாகக் குறைக்கப்பட்டது.)

2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அயர்லாந்தில் சுமார் 47.6 லட்சம் பேர். 19 கோடியை அவர்களுக்குப் பங்கிட்டால், கைக்குழந்தை உட்பட ஆளுக்கு 40 பவுண்ட்.

நாமா இதை ஏற்கவில்லை. நாமாவின் வழக்கமான கழிவு விகிதமான 5.5 சதவீதத்தை வைத்துத் தணிக்கையாளர் 149 கோடி என்றார். வாங்க வருபவர் அந்த விகிதத்தில் கணக்குப் போடமாட்டார், இவ்வளவு ஆபத்தான தொகுப்புக்கு 10 சதவீதமாவது எதிர்பார்ப்பார் என்பது நாமாவின் வாதம். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஐந்து ஆண்டு கழித்து வரப்போகும் 100 பவுண்டின் இன்றைய மதிப்பு 5.5 சதவீதத்தில் 76.50, பத்து சதவீதத்தில் 62.10. கட்டடம் அதேதான், கடனாளியும் அவரேதான், வரப்போகும் பணமும் அதேதான். விகிதத்தை மாற்றியதும் நூறில் 14 பவுண்ட் காணாமல் போகிறது.

எந்த விகிதம் சரி என்பதில் பொருளாதார அறிஞர்கள் வாதிடலாம். வாங்குபவர் 10 சதவீதம் கேட்பார் என்பதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விற்பவர் எதற்காக வாங்குபவரின் விகிதத்தில் தன் பொருளை மதிப்பிட வேண்டும்? விற்காமல் வைத்திருப்பது நமக்கு எவ்வளவு பெறும் என்று முதலில் தெரிந்தால்தான், வருகிற விலை லாபமா நட்டமா என்று தெரியும். வழக்கமான விகிதத்தை விட்டு விலகுவதென்றால், ஏன் விலகினோம் என்று வாரியத்தின் ஏட்டில் அன்றே எழுதியிருக்க வேண்டும். தணிக்கையாளர் கேட்ட பிறகு சொல்லும் விளக்கம் அதற்கு ஈடாகாது.

ஏலம் நடந்த விதத்தைப் பார்த்தால் கவலை கூடுகிறது. பிம்கோ என்ற அமெரிக்க நிறுவனம் 2013-இலேயே தானாக வந்து கேட்டது. அதன் பிறகுதான், 2014 ஜனவரியில், லசார்ட் நிறுவனம் விற்பனை ஆலோசகராக நியமிக்கப்பட்டது. அணுகப்பட்ட நிறுவனங்கள் ஒன்பது. இறுதிவரை வந்து விலை சொன்னவை இரண்டு: செர்பரஸ் 124.1 கோடி, ஃபோர்ட்ரஸ் 107.5 கோடி. ஆலோசகர் நியமனத்துக்கும் விற்பனை அறிவிப்புக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மாதம்தான். 450 கோடி பவுண்ட் கடன் தொகுப்பை ஒரே மூட்டையாகக் கட்டியதால், அவ்வளவு பெரிய மூட்டையைத் தூக்கக்கூடிய சிலர் மட்டுமே ஏலத்துக்கு வர முடிந்தது.

அந்த மூன்று மாதத்துக்குள்தான் 1.5 கோடி பவுண்ட் விவகாரமும் நாமாவின் காதுக்கு வந்தது. ஏலம் வெற்றி பெற்றால் அந்தத் தொகையை மூன்று பேருக்குப் பங்கிட்டுத் தர வேண்டும் என்ற ஏற்பாடு இருப்பதாக 2014 மார்ச்சில் பிம்கோ நாமாவிடம் தெரிவித்தது. ஒரு பங்கு ஓர் அமெரிக்கச் சட்ட நிறுவனத்துக்கு. ஒரு பங்கு பெல்ஃபாஸ்ட் சட்ட நிறுவனம் ஒன்றின் தலைமைப் பங்குதாரருக்கு. மூன்றாவது பங்கு, நாமாவின் வட அயர்லாந்து ஆலோசனைக் குழுவில் 2013 நவம்பர் வரை உறுப்பினராக இருந்த ஒருவருக்கு. பிம்கோ விலகிக்கொண்டது, ஏலம் நிற்கவில்லை. பிம்கோவுக்கு வேலை செய்த அதே இரு சட்ட நிறுவனங்களும் அடுத்து செர்பரஸுக்கு வேலை செய்தன. நாமாவோடு தொடர்புள்ள யாருக்கும் பணம் போகாது என்று செர்பரஸிடம் உறுதிமொழி பெற்றுக்கொண்டு நாமா விற்பனையை முடித்தது.

2015 ஜூலையில் அயர்லாந்து நாடாளுமன்றத்தில் உறுப்பினர் மிக் வாலஸ் எழுந்து, இந்த விற்பனையோடு தொடர்புடைய 70 லட்சம் பவுண்ட் ஐல் ஆஃப் மேன் தீவில் ஒரு கணக்கில் இருந்ததாகச் சொன்னார். அதன் பிறகே தணிக்கை, பொதுக் கணக்குக் குழு, விசாரணை ஆணையம் என்று ஒவ்வொன்றாக நகர்ந்தன. விற்பனை முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

பொதுக் கணக்குக் குழுவின் 2017 மார்ச் அறிக்கை கடுமையானது. விற்பனை உத்தியில் இருந்த குறைகளின் அளவைப் பார்த்தால், நாட்டுக்கு உரிய மதிப்பு கிடைத்ததாக நாமாவால் நிரூபிக்க முடியவில்லை என்று அது முடிவு செய்தது. ஏலம் முடியும் நாளுக்கு முந்தைய நாள், நிதியமைச்சர் மைக்கேல் நூனன் செர்பரஸ் அதிகாரிகளைச் சந்தித்தது நடைமுறைப்படி தகாதது என்றும் எழுதியது. நூனன் அதைக் கடுமையாக மறுத்தார். அந்தச் சந்திப்பில் விலை பேசியதாக யாரும் நிரூபிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் இருவர் போட்டியிடும் ஏலத்தின் கடைசி நாளுக்கு முன்பு அமைச்சரின் அறைக் கதவு ஒருவருக்குத் திறந்தது சரி என்று எந்தக் கிராம ஊராட்சியின் டெண்டர் குழுவும் சொல்லாது.

2017 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் குக் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஓராண்டில் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது.

அரசு கையிலுள்ள கடனை விற்கும்போது நான்கு தாள்கள் கையெழுத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்: விற்காவிட்டால் என்ன வரும் என்ற கணக்கு, அதற்குப் பயன்படுத்திய விகிதமும் காரணமும், அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு கட்டணம் போகிறது. நாமா சட்டம் கடனாளிகளின் விவரங்களை ரகசியமாகக் காத்தது, அது இருக்கட்டும். இந்த நான்கு தாளிலும் கடனாளியின் பெயர் தேவையில்லை. சந்தை ரகசியம் என்றால் பொதுக் கணக்குக் குழுவிடம் மூடிய அறையில் காட்டட்டும். காட்டாமல் விற்கும் உரிமையை எந்த முகமைக்கும் எந்த நாடாளுமன்றமும் இனி தரக் கூடாது.