சோயா சாகுபடி: உழவா, களைக்கொல்லியா?

சோயா தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கைத் தானே தேடிக்கொள்ளும் பயிர். வேர்முடிச்சுகளில் வாழும் பிராடிரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. எனவே வழக்கமான முறை, மண்காப்பு முறை, இயற்கை முறை மூன்றையும் இங்கே பிரித்துக் காட்டுவது யூரியா மூட்டை அல்ல, களைதான்.

அமெரிக்காவில் வழக்கமான சாகுபடி களைக்கொல்லியை நம்பி நிற்கிறது. 1996-ல் கிளைபோசேட்டைத் தாங்கும் மரபணு மாற்றிய சோயா விற்பனைக்கு வந்தது. பயிர் நிற்கும்போதே மருந்து தெளிக்கலாம். களை மட்டும் சாகும். ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்ததில் அதற்கு மசியாத களைகள் பெருகின. முளைக்கீரை இனத்தைச் சேர்ந்த பால்மர் அமராந்த் அவற்றில் மிகக் கொடியது: ஒரே செடி லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும்.

மண்காப்பு முறையில் விதைத்த பிறகும் நிலத்தில் 30 சதவீதமாவது முந்தைய பயிரின் தாள் மூடியிருக்க வேண்டும். இதன் உச்சம் உழவில்லாச் சாகுபடி. பிரேசிலின் பரானா மாநிலத்தில் பெருமழை மேல்மண்ணை அரித்துச் சென்றபோது, ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி அமெரிக்காவின் கென்டக்கியில் இம்முறையை நேரில் பார்த்து, 1972-ல் தன் நிலத்தில் உழாமல் சோயா விதைத்தார். மண் அரிப்பு குறைகிறது, ஈரம் தங்குகிறது, டீசலும் மிச்சம். ஆனால் உழாத நிலத்தில் விதைப்புக்கு முன் களையைக் கருக்க, பெரும்பாலும் களைக்கொல்லியையே நாட வேண்டியிருக்கிறது. மண்ணைக் காக்கும் முறை ரசாயனத்தைச் சார்ந்திருப்பதுதான் இதன் பெரிய குறை.

இயற்கை முறையின் சிக்கல் இதற்கு நேர் எதிர். அமெரிக்கச் சான்றிதழுக்கு, தடைசெய்யப்பட்ட இடுபொருள் எதுவும் நிலத்தில் 3 ஆண்டு படாமல் இருக்க வேண்டும். மரபணு மாற்றிய விதையும் கூடாது. களையை அழிக்கக் கருவியை ஓட்ட வேண்டும். முளைத்த சில வாரங்களில் மழை விடாமல் பெய்து வயலில் டிராக்டர் இறங்க முடியாமல் போனால் அந்தப் போகம் களைக்காடுதான். கருவி ஓடும் ஒவ்வொரு முறையும் மண்கட்டமைப்பு குலைகிறது. தொழு உரமும், கோதுமை, குளோவர் கலந்த பயிர்ச்சுழற்சியும் அதை ஈடுகட்டுகின்றன. பென்சில்வேனியாவின் ரோடேல் நிறுவனம் வழக்கமான முறையையும் இயற்கை முறையையும் ஒப்பிடும் சோதனையை 1981 முதல் பக்கத்துப் பக்கத்து வயல்களில் நடத்திவருகிறது.

உழவும் இல்லாமல் களைக்கொல்லியும் இல்லாமல் சோயா விளைவிக்கும் முயற்சியும் அங்கே நடக்கிறது. இலையுதிர் காலத்தில் ரை தானியத்தை விதைத்து, அது பூக்கும் தருணத்தில் உருளையால் மடக்கிச் சாய்த்து, அந்த மூடாக்கின் ஊடே சோயா விதைக்கிறார்கள். எல்லாவற்றிலும் நம்பிக்கை தருவது இதுவே. ஆனாலும் ரை பூக்கும் வரை காத்திருப்பதால் விதைப்பு தள்ளிப்போகிறது; வறண்ட வசந்தத்தில் மண்ணீரை ரையே உறிஞ்சிவிடுகிறது. பல்லாண்டுக் களைகள் மூடாக்கைத் துளைத்துக்கொண்டு வரும். அவை மண்டிய வயலில் ஏரைத் திரும்ப இறக்காமல் முடிவதில்லை.