குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

இந்தியக் குடியரசுத் தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. அமைச்சரவையின் அறிவுரைப்படி இயங்கும் ஒருவருக்கு நேரடி வாக்கின் வலிமையும் சேர்ந்தால், நாட்டில் இரண்டு அதிகார மையங்கள் எழும். நாடாளுமன்றம் மட்டுமே தேர்ந்தெடுத்தாலோ, மாநிலங்களுக்கு அவர் அயலாராகிவிடுவார். இவ்விரண்டிற்கும் நடுவே அரசமைப்புச் சட்டத்தின் 55ஆம் உறுப்பு வகுத்த வழி, முற்றிலும் கணக்கு வழி.

ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வந்த ஈவை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால், அவ்வுறுப்பினர் ஒருவரது வாக்கின் மதிப்பு வரும். 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. உறுப்பினர்கள் 234 பேர். ஒருவரது வாக்கின் மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தில் அது 208, சிக்கிமில் 7. எல்லாச் சட்டமன்றங்களின் மதிப்பையும் கூட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்தால், அவர்களுள் ஒருவரது வாக்கின் மதிப்பு கிடைக்கும். 2022 தேர்தலில் அது 700. அவ்வாண்டு துலாக்கோலின் ஒரு தட்டில் சட்டமன்றங்களின் 5,43,231. மறு தட்டில் நாடாளுமன்றத்தின் 5,43,200. பத்து இலட்சத்தைத் தாண்டிய வாக்கு மதிப்பில் இருதரப்புக்கும் வேறுபாடு வெறும் 31! எத்துணை நுட்பமான வகுப்பு!

இச்சமநிலை வெறும் அழகுக்கன்று. ஒரு மாநில அரசைக் கலைக்கும் ஆணை, 356ஆம் உறுப்பின்படி, குடியரசுத் தலைவரின் கையொப்பத்தால்தான் உயிர்பெறுகிறது. 1997இல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கும் பரிந்துரையை மறு ஆய்வுக்குத் திருப்பியனுப்பினார் அன்றைய குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன்; அமைச்சரவை அதைக் கைவிட்டது. கையொப்பமிடும் அந்தக் கையைத் தேர்ந்தெடுப்பதில் மாநிலங்களுக்குச் சரிபாதி உரிமை இருப்பது முற்றிலும் நேர்மையானது.

ஆனால் மாநிலங்களுக்கு இடையேயான நிறை மாறக்கூடியது. குடும்ப நலத் திட்டத்தில் முன்னின்ற மாநிலங்கள் இழப்புறக் கூடாதென்றே 1976இல், 42ஆம் திருத்தம் 1971ஆம் ஆண்டின் எண்களை நிலைநிறுத்தியது. 2002இல் நடைமுறைக்கு வந்த 84ஆம் திருத்தம், 2026க்குப் பின் நடைபெறும் முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளிவரும்வரை அந்நிலையை நீட்டித்தது. 2011 எண்களை இட்டுப் பார்த்தாலே தமிழ்நாட்டு உறுப்பினரின் மதிப்பு 308, உத்தரப் பிரதேச உறுப்பினரின் மதிப்பு 496 என இடைவெளி அகலுகிறது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய பொறுப்புணர்வுக்கு இது தண்டனையாகவே முடியும். தொகுதி மறுவரையறை பற்றி உரக்கப் பேசும் நாம், 55ஆம் உறுப்பின் இக்கணக்கையும் அவ்விவாதத்தில் சேர்த்தாக வேண்டும்.