தூந்திரத்தில் பிறந்து கோடியக்கரைக்கு வரும் உள்ளான்

ரஷ்யா, கனடா, அலாஸ்கா ஆகியவற்றின் வட விளிம்பில் பரந்து கிடக்கும் மரமற்ற குளிர்நிலம் தூந்திரம். மழையும் பனியும் சேர்ந்தே அங்கு ஆண்டுக்குப் பெரும்பாலும் 250 மி.மீ.க்குள்தான். வானம் பார்த்த பூமியான செட்டிநாட்டிலேயே அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் பெய்கிறது. ஆனாலும் கோடையில் தூந்திரம் சதசதவென்று ஈரமாக இருக்கும். மேல்மண் மட்டும் ஓரிரு அடி உருக, அடியிலுள்ள நிலம் ஆண்டு முழுதும் உறைந்தே கிடப்பதால் நீர் இறங்க வழியில்லை. வேரும் ஆழமாக ஓடாது. கோடை வெப்பமும் மரத்துக்குப் போதாது. பாசி, கோரை, குட்டைப் புதர்கள் மட்டுமே தழைக்கின்றன.

தேங்கிய நீரில் கொசுவும் பூச்சியும் பெருகும். அவற்றை நம்பித்தான் கொசு உள்ளான் அங்கே முட்டையிடுகிறது. சுமார் 25 கிராம் எடையுள்ள இப்பறவை, குளிர்காலத்தில் காரைக்குடிக்குக் கிழக்கேயுள்ள கோடியக்கரைச் சேற்றிலும் வேதாரண்யம் உப்பளங்களிலும் இரை கொத்துவதைக் காணலாம். அலகு கீழ்நோக்கி வளைந்த இன்னோர் உள்ளானும் சைபீரியத் தூந்திரத்திலிருந்து வருகிறது. அதன் குஞ்சுகளின் கதி லெம்மிங் என்னும் எலியினத்தைப் பொறுத்தது என்பது வியப்பானது. லெம்மிங் பெருகும் ஆண்டில் துருவ நரிகள் அதைத் தின்று பசியாறும். குறையும் ஆண்டில் முட்டையையும் குஞ்சையும் தேடும். அந்த ஆண்டு தெற்கே வரும் இளம்பறவைகள் குறைந்துவிடும்.

கோடியக்கரை 1967 முதல் சரணாலயமாகக் காக்கப்படுகிறது. தூந்திரமோ வேகமாகச் சூடாகிறது. அதன் உறைநிலத்தில் வளிமண்டலத்தில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு கரிமம் புதைந்துள்ளது. நிலம் உருக உருக அது கரியமில வாயுவாகவும் மீத்தேனாகவும் வெளியேறுகிறது.