இன்றேல், ஏன்?

பாராளுமன்ற ஹன்சாட்டின் தமிழ்ப் பக்கங்களைப் புரட்டியவர்களுக்கு ஒரு சொற்றொடர் பழகிப்போயிருக்கும். உறுப்பினர் ஒருவர் அமைச்சரிடம் கேட்கும் வாய்மூல விடைக்கான வினா (அ), (ஆ), (இ) என்று பிரிந்து வரும். "என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?" என்று ஒவ்வொன்றும் மரியாதையாகக் கேட்கும். கடைசியில் பெரும்பாலும் இப்படி முடியும்: "இன்றேல், ஏன்?" தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால், 'இல்லாவிட்டால்' என்று எழுதாமல் 'இன்றேல்' என்று எழுதிவைத்த அந்தப் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 'இல்லை' என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிட்டு அமைச்சர் உட்கார்ந்துவிட முடியாமல் செய்வது இந்த இரண்டு சொற்கள்தான்.

நம்மட ஊர்களில் இதைப் பற்றிக் கதைத்தால், "கேட்டு என்ன சேர் ஆகப்போகுது?" என்பார்கள். அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாம் கைபேசியில் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிற பாராளுமன்றத் துண்டுகளில் முக்கால்வாசி கேள்விகள் அல்ல, பேச்சுகள். ஒரு உறுப்பினர் ஆவேசமாகப் பத்து நிமிடம் பேசலாம், மேசையில் தட்டலாம், நாமும் 'மாஷா அல்லாஹ்' போடலாம். அந்தப் பேச்சுக்கு அமைச்சர் ஒரு வரிகூட மறுமொழி சொல்ல வேண்டியதில்லை. கேள்வி அப்படியல்ல. அது முன்கூட்டியே எழுத்தில் செயலாளர் நாயகத்திடம் போகிறது. இலக்கமிடப்பட்டு ஒழுங்குப் பத்திரத்தில் ஏறுகிறது. உரிய அமைச்சுக்கு அது போய்ச் சேர்ந்ததும் கோப்பு ஒன்று திறக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றில் எத்தனை தாதியர் வெற்றிடம் என்று கேட்டால், கொழும்பிலிருந்து கடிதம் திணைக்களத்துக்கு இறங்கி, அங்கிருந்து இங்கே வந்து, ஒரு லிகிதர் உட்கார்ந்து எண்ணித்தான் ஆகவேண்டும். அந்த எண் திரும்பி மேலே ஏறி, ஹன்சாட்டில் அச்சாகிறது. பிறகு அதை எடுத்துக்காட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நீதிமன்ற மனுவிலும் எழுதலாம், பத்திரிகையிலும் எழுதலாம்.

தப்பிக்கும் வழிகளும் உண்டு. இரண்டு வாரம் தவணை கேட்பது ஒன்று. விடையைச் 'சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்' என்று தாளைக் கொடுத்துவிட்டு, வாயால் ஒன்றும் சொல்லாமல் அமர்வது இன்னொன்று. அந்த இடத்தில் கைகொடுப்பது துணைக் கேள்வி. அமைச்சரின் விடையைக் கேட்ட கையோடு, தாள் இல்லாமல், எழுந்து கேட்பது அது. ஒரு உறுப்பினர் வீட்டுப்பாடம் செய்து வந்தாரா இல்லையா என்பது அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கட்சித் தலைவர்களுக்கு நிலையியற் கட்டளை 27(2) என்று தனி வழி இருக்கிறது. பொதுமக்களைப் பாதிக்கும் அவசர விடயங்களை அதன் கீழ் எழுப்பலாம்.

கேள்வி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் 2021 பெப்ரவரி 10. அதற்கு முந்திய பத்து மாதங்களை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடல்களை எரிக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2020 ஏப்ரல் 11 வர்த்தமானியில் வந்தது. அடக்கம் செய்யவும் முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீரைக் காரணம் காட்டினார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் டிசம்பர் 1ஆம் திகதி தள்ளுபடியாயின. சமூக, மத, அரசியல் காரணங்களுக்காக இந்த முடிவு மாறாது என்று 2021 ஜனவரி 7ஆம் திகதி சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பாராளுமன்றத்திலேயே சொன்னார். பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை போன நடைபயணத்தில் ஜனாஸா எரிப்புக்கு எதிரான கோரிக்கையும் சேர்ந்திருந்தது. அது நம்மட மாவட்டத்துக்கூடாகத்தான் போனது, தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். அது முடிந்து மூன்றாம் நாள், சபையில் எஸ். எம். மரிக்கார் பிரதமரிடம் கேட்டார்: நீரினால் இந்த வைரஸ் பரவாது என்றால் அடக்கம் செய்ய விடுவீர்களா? மஹிந்த ராஜபக்ஷ எழுந்து, அனுமதி கொடுப்போம் என்றார்.

அன்று பின்னேரம் ஊரெல்லாம் ஒரே சந்தோஷம். மறுநாளே சுகாதாரத் துறை இராஜாங்க அமைச்சர் சுதர்ஷினி பெர்னாண்டோபுள்ளே, இதைத் தீர்மானிப்பது பிரதமர் அல்ல, நிபுணர் குழுதான் என்ற பொருளில் பேசினார். நம்மவர்கள் பிரதமர் ஏமாற்றிவிட்டார் என்றார்கள். சட்டம் தெரிந்தவர்களுக்கு வேறொன்று விளங்கியிருக்கும். எரிக்கச் சொன்ன ஒழுங்குவிதி 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சரால் ஆக்கப்பட்டது. அதை மாற்றும் பேனா அவருடைய கையில் இருந்தது. பிரதமரின் 'ஆம்' ஒரு வாக்குறுதி மட்டும்தான். அதே கேள்வி சுகாதார அமைச்சரிடம், 'இந்த ஒழுங்குவிதி திருத்தப்படுமா, எத்தனையாம் திகதி, இன்றேல், ஏன்?' என்று போயிருந்தால் நழுவ இடம் குறைந்திருக்கும். அதற்காக மரிக்காரின் கேள்வி வீண் என்று சொல்ல மாட்டேன். நாட்டின் பிரதமர் சபையில் சொன்ன வார்த்தை பதிவாகிவிட்டது, அதைத் திரும்ப விழுங்க முடியவில்லை. பெப்ரவரி 25 திகதியிட்ட வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் 3,000க்கும் மேற்பட்ட உடல்கள் அந்த மண்ணுக்கு வந்தன. நம்மவர் மட்டுமல்ல, பிற சமயத்தவரும் அங்கே இருக்கிறார்கள். எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் தொகை 276 என்று அரசாங்கமே பின்னர் சொன்னது. அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது 2024 ஜூலையில்.

சரியான கேள்வி சரியான ஆளிடம் போவது எவ்வளவு முக்கியம் என்பது பொலிஸ் விடயத்தில் இன்னும் கூர்மையாகத் தெரியும். பொலிஸ் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற இழுபறி நம்மட நாட்டில் பழையது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதைத் தொடர்ந்து உள்நாட்டு அமைச்சர் பாரன் ஜயதிலக்கவுக்கும் பொலிஸ் மாஅதிபருக்கும் மூண்ட தகராற்றில் ஆளுநர் பொலிஸ் மாஅதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் பதவி விலகினார்கள். மக்கள் தெரிவுசெய்த அமைச்சரின் சொல்லை விட ஆளுநரின் சொல்தான் பொலிஸில் செல்லும் என்பது அன்று வெளிச்சமானது.

2018இன் பிற்பகுதியில் பொலிஸ் மீண்டும் அப்படியொரு இடத்தில் நின்றது. அப்போது அது ஜனாதிபதியின் பொறுப்பில் இருந்தது. கேள்வி நேரத்தில் எழுந்து விடை சொல்லும் வழக்கம் ஜனாதிபதிக்கு இல்லை. 2017 மார்ச் 10 காத்தான்குடி அலியார் சந்தி மோதலுக்குப் பின்னர் ஸஹ்ரான் தலைமறைவாகியிருந்தான். அவனைப் பற்றி நம்மவர்களே முறைப்பாடு செய்திருந்தார்கள், பிடியாணையும் இருந்தது. 2018 நவம்பர் 30 வாவிக்கு அக்கரையில், வவுணதீவில், இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டபோது சந்தேகம் முன்னாள் போராளிகள்மேல் விழுந்தது. ஒரு தமிழர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். அது ஸஹ்ரானின் ஆட்கள் செய்தது என்று தெரியவந்தது உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு. பிடியாணை ஏன் நிறைவேற்றப்படவில்லை என்று உரத்துக் கேட்கப்பட்டதும் அதற்குப் பிறகுதான்.

ஆனால் கேட்கத் தொடங்கியபோது என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 மே மாதம் பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமையில் பாராளுமன்றத் தெரிவுக்குழு அமைந்தது. எம். ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், நளிந்த ஜயதிஸ்ஸ, சரத் பொன்சேகா என்று பல கட்சிக்காரர்கள் ஒரே மேசையில் இருந்து கேட்டார்கள். ஜனாதிபதி எதிர்த்தார். இருந்தும் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. 2018 ஒக்டோபருக்குப் பிறகு பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குத் தன்னைக் கூப்பிடவில்லை என்று பொலிஸ் மாஅதிபர் பூஜித ஜயசுந்தர அங்கேதான் சொன்னார். மேடையில் யாரும் திட்டி வரவழைத்த வார்த்தை அல்ல அது. எந்தத் திகதி, எந்தக் கூட்டம், யார் சொன்னது என்று வரிசையாகக் கேட்டதால் வந்தது. 2023 ஜனவரி 12 உயர் நீதிமன்றம், மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ் மாஅதிபருக்கு 75 மில்லியன்.

உமர் (ரழி) அவர்களிடம் மிம்பரின் முன்னால் துணியைப் பற்றிக் கேட்ட சம்பவத்தை ஜும்ஆ பயான்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கலீஃபாவையே கேட்ட தைரியம் என்று அதை முடித்துவிடுவார்கள். நான் அதில் கவனிப்பது வேறு. கேட்டவர் நீதியைப் பற்றிப் பொதுவாகப் பேசவில்லை. எல்லோருக்கும் ஒரு துண்டு, உங்களுக்கு மட்டும் எப்படி இரண்டு என்று கணக்குக் கேட்டார். விடையும் கணக்காகத்தான் வந்தது: தன்னுடைய பங்கைக் கொடுத்ததாக மகன் எழுந்து சாட்சி சொன்னார்.

இனி, கேள்வியை யாரிடம் கொண்டுபோவது? ஏறாவூரிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் தன்னாமுனையில் இறங்கி நின்று பாருங்கள். காலடியில் இருக்கும் திருகோணமலை வீதி மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. வாவிக்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. வாவியில் வலை வீசுபவரின் அனுமதிப்பத்திரம் கடற்றொழில் திணைக்களத்துக்கு. ரோந்து போகும் பொலிஸ் மத்திய அரசுக்கு, 13ஆம் திருத்தத்தில் மாகாணப் பொலிஸ் என்று எழுதியிருந்தாலும். பள்ளிக்கூடமோ கிழக்கு மாகாணத்துக்கு. அரை மணித்தியாலம் நடந்தால் முடிந்துவிடும் ஊரில் இத்தனை வாசல்.

இதில் மாகாண வாசல்தான் பூட்டிக் கிடக்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் இறுதியில் முடிந்தது. ஏறாவூர்க்காரரான ஹாபிஸ் நஸீர் அஹமட் முதலமைச்சராக இருந்த சபை அது. அதற்குப் பிறகு தேர்தல் நடத்தப்படவில்லை, ஆளுநரே நடத்துகிறார். அந்தச் சபை பெரிதாக எதையும் வெட்டிக் கிழித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாகாணப் பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியர் ஏன் இல்லை என்று எழுந்து கேட்க 37 பேர் இருந்தார்கள், விடை சொல்ல ஒரு அமைச்சர் இருந்தார். இன்று அதே கேள்வியைப் பாராளுமன்றத்தில் கேட்டால், 'இது மாகாணத்துக்குரிய விடயம்' என்று ஒரு வரியில் தட்டிவிட முடியும். மாகாணத்திலோ கேட்கச் சபை இல்லை. கிழக்கின் கல்வியும் வைத்தியமும் இத்தனை வருடமாக இந்த இடுக்கில் கிடக்கிறது. மாகாண சபைத் தேர்தலைத் தமிழ்க் கட்சிகளின் கோரிக்கை என்று நினைத்து நம்மில் பலர் ஒதுங்கி நிற்பது எனக்கு விளங்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடங்களில் படிப்பது நம்மட பிள்ளைகளும்தான்.

ஒரு கேள்வியை எப்படிக் கட்டுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த விடயத்தையே எடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பொலிஸ் நிலையத்தில் நான் தமிழில் சொன்ன வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் கேட்டார்கள். அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. இதைப் பற்றி 'அநியாயம்' என்று பேசினால் அது பேச்சு. கேள்வி இப்படி வரும்: மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் தமிழில் எழுதத் தெரிந்த அலுவலர்கள் எத்தனை பேர்? கடந்த வருடம் தமிழில் பதியப்பட்ட வாக்குமூலங்கள் எத்தனை? தமிழில் சொன்னதைத் தமிழிலேயே பதியவேண்டும் என்று சுற்றுநிருபம் உண்டா? இன்றேல், ஏன்? பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் இதற்கு எண்ணித்தான் விடை சொல்ல முடியும்.

இதை எழுதிக் கொடுப்பதற்கு உறுப்பினருக்கு நேரம் இருக்காது, அவருடைய செயலாளருக்கும் ஊர் விபரம் தெரியாது. பள்ளிவாசல் நிர்வாக சபையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் செய்யக்கூடிய வேலை இது. அதற்கு முன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. தனியொரு பொலிஸ்காரரின் நடத்தை பற்றிய முறைப்பாடு என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு. கையில் கிடைத்த தாளையும், மறுத்து வந்த கடிதத்தையும் கோர்த்து, மாவட்டத்தின் ஐந்து உறுப்பினர்களில் யார் துணைக் கேள்வி கேட்கக்கூடியவரோ அவரிடம் கொடுக்கலாம். அவர் நம்மட கட்சியா, தமிழரா முஸ்லிமா என்று பார்க்கத் தேவையில்லை. ஜனாஸா விடயத்தில் சபையில் நமக்காகக் குரல் கொடுத்தவர்களில் மட்டக்களப்பின் சாணக்கியனும் ஒருவர்.