அடிநூலில் இறங்கும் அருவி

குற்றாலம் பேரருவியைத் துணியில் தைக்க உட்காருபவர் முதலில் தோற்பது நூலிடம்தான். சாதாரண தையல் நூலில் எத்தனை வெள்ளைக் கோடு ஓட்டினாலும் அது தண்ணீராகத் தெரியாது, தூறலாக மெலிந்து கிடக்கும். பொங்குமாகடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, அங்கே நிறைந்து, பிறகு பாறையோடு பாறையாக வழிந்து இறங்கும் நீருக்கு ஒரு கனம் உண்டு. அந்தக் கனம் தடித்த நூலில்தான் வரும். கை எம்பிராய்டரிக்கு விற்கும் முறுக்குப் பருத்தி நூல், குரோஷா நூல், ஜரிகை எல்லாம் அதற்கு ஏற்றவை. சிக்கல் என்னவென்றால், இவை மெஷின் ஊசியின் காதில் நுழையாது. வம்பாக நுழைத்தாலும் நாலு தையலில் பிரிந்து அறுந்துவிடும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. தடித்த நூலை ஊசியில் கோக்காமல் பாபினில் சுற்றிக் கீழே போடுங்கள். ஊசியில் வழக்கமான மெல்லிய நூலே இருக்கட்டும். துணியைக் குப்புறப் போட்டு, உள்பக்கம் மேலே தெரியும்படி தையுங்கள். நீங்கள் பார்க்காத அடிப்பக்கத்தில், அதாவது துணியின் நல்ல பக்கத்தில், தடித்த நூல் கோடு கோடாகப் படிந்துகொண்டே போகும். சுவரில் மாட்டக் கலைக்குவில்ட் செய்பவர்கள் இதை பாபின் வேலை என்கிறார்கள்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து நம் வீட்டு மெஷின்கள் எல்லாம் இரண்டு நூலைப் பூட்டித்தான் தைக்கின்றன. ஊசி கீழே போய்ச் சற்றே மேலெழும்போது மேல்நூல் ஒரு சிறு வளையமாகப் பிதுங்கும். ஷட்டிலின் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து பாபினைச் சுற்றி இழுத்துவரும். அடிநூல் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். இதில் மேல்நூல் படும் பாடு கொஞ்சமல்ல. ஒரு தையலில் போய் உட்காருவதற்கு முன்னால் அதே துண்டு நூல் ஊசிக்காதில் பலமுறை முன்னும் பின்னும் உரசுகிறது. அடிநூலுக்கு அந்த அவஸ்தை கிடையாது. பாபின் கேஸின் சின்னத் தகட்டுக்கு அடியிலிருந்து ஒரே ஒரு முறை வழுக்கி வந்து துணியில் படுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஊசிக்கு ஆகாத நூலெல்லாம் பாபினுக்கு ஆகிறது. மேல்நூல் அதைத் தையலுக்குத் தையல் ஒரு புள்ளியாகப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

இதற்கு விலையுயர்ந்த மெஷின் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வீடுகளில் மூலையில் துணிபோர்த்திக் கிடக்கும் கறுப்பு உஷாவோ மெரிட்டோ சிங்கரோ போதும். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசமாகக் கொடுக்கும் மெஷின் போதும். கால்மெஷினில் வேகத்தைப் பாதத்தாலேயே அடக்கி ஆளலாம். இந்த வேலைக்கு அது பெரிய வசதி. அதைவிடப் பெரிய வசதி, இவற்றின் பாபின் கேஸ் தனியாகக் கையில் கழன்று வரும் இரும்புக் கேஸ் என்பது.

அந்தக் கேஸில்தான் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. அதன் பக்கவாட்டில் வளைந்த ஒரு தகடும், அதை அழுத்திப் பிடிக்கும் ஒரு குட்டித் திருகாணியும் இருக்கும். தடித்த நூல் தகட்டுக்கு அடியில் தடையில்லாமல் வழுக்க வேண்டுமானால் திருகாணியைத் தளர்த்த வேண்டும். இடப்பக்கம் திருப்பினால் தளரும், வலப்பக்கம் திருப்பினால் இறுகும். ஒரே மூச்சில் திருப்பாதீர்கள். கால் சுற்று திருப்பி, நூலை இழுத்துப் பார்த்து, மறுபடி கால் சுற்று. சாதா நூல் போட்டிருக்கும்போது இழுத்தால் விரலில் என்ன பிடிப்புத் தெரியுமோ, ஏறக்குறைய அதே பிடிப்பு தடித்த நூலுக்கும் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். இதை ஒரு தட்டுக்கு மேல் வைத்துச் செய்யுங்கள். அந்தத் திருகாணி ஒரு எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், தரையில் விழுந்தால் கிடைப்பது அபூர்வம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது வீட்டில் இருந்த ஒரே பாபின் கேஸைத் தளர்த்திவிட்டேன். மறுநாள் அவசரமாகத் தைத்த ஜாக்கெட்டின் தோள் தையல் அத்தனையும் தொளதொளவென்று வந்து, முழுவதையும் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு இரண்டாவதாக ஒரு கேஸ் வாங்கி, அதன் மேல் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். தையல் சாமான் கடைகளில் கேஸின் விலை அதிகமில்லை. உங்கள் மெஷினின் பழைய கேஸைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி அதே மாதிரி வாங்குங்கள். புள்ளி வைத்தது தடித்த நூலுக்கு, வைக்காதது துணி தைக்க.

நூலைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாமல் இருப்பது நல்லது. முறுக்குப் பருத்தி நூலில் எண் கூடக்கூட நூல் மெலியும். 8-ஆம் நம்பர் உருண்டையில் தொடங்குங்கள். கை பழகியதும் அதைவிடத் தடித்த 5-க்குப் போகலாம். ஆறு இழை சேர்ந்த சாதாரண எம்பிராய்டரி நூல்சரத்தையும் அப்படியே சுற்றலாம். ஒரு சரம் 8 மீட்டர்தான், ஆனால் ஒரு நீர்க்கோட்டுக்கு அது தாராளம். ஜரிகை நூலை எல்லா இடத்திலும் இழுத்துவிடாதீர்கள் என்பது என் கட்சி. வெயில் பட்ட நீருக்கு இரண்டு கோடு போதும், அதற்கு மேல் போனால் அருவி கல்யாணச் சேலை மாதிரி ஆகிவிடும். சிவப்பு, கருநீலம் போன்ற அடர்நிற நூலை முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சாயம் போனால் அதை விட்டுவிடுவதே உத்தமம்.

பாபினில் கையாலேயே சுற்றலாம். மெஷினில் சுற்றுவதானால் நூலை டென்ஷன் வழியாக விடாமல், விரலிடுக்கில் பிடித்து மெல்ல ஓட்டுங்கள். சமமாகப் படியவேண்டும், விளிம்பு தாண்டிப் பிதுங்கக் கூடாது. தடித்த நூல் என்பதால் ஒரு பாபினில் கொஞ்சம்தான் பிடிக்கும். ஆகவே நாலைந்து பாபின் முன்கூட்டியே சுற்றி வைத்துக்கொண்டால் நடுவில் எழ வேண்டாம். அடிநூல் தீர்ந்துபோனாலும் மேலே ஊசி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சாண் தைத்ததும் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் நல்லது.

நூலைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. குற்றாலத்திலிருந்து இதே மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கே போனால் பாபநாசம். ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1880-களில் அங்கே தொடங்கிய நூற்பாலை, தாமிரபரணி அருவி நீரின் விசையில் ஓடியது. பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆனது அவர்களுடைய ஆலைக் குடும்பம்தான். அருவி நூல் நூற்ற மண் இது. அந்த அருவியை நூலில் கொண்டுவருவது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு எட்டாத வேலையல்ல.

பாபின் என்ற சொல்லைக் கேட்டதும் நாகர்கோவில் லேஸ் நினைவுக்கு வருபவர்கள் இருக்கலாம். அது வேறு. மார்த்தா மால்ட் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்து, அவர் மகள் எலிசா கால்டுவெல் இடையன்குடிக்குக் கொண்டுபோன அந்த லேஸில், தலையணை மேல் பல கழிகளில் நூலை மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். அதில் மெஷினே கிடையாது.

பாபின் வேலைக்கு நெருங்கிய சொந்தம் தேடினால் நான் கோயில் தேரைத்தான் காட்டுவேன். தேரில் தொங்கும் தொம்பைகளையும் சீலைகளையும் அருகில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? வண்ணத்துணியை யாளியாகவும் தாமரையாகவும் வெட்டி ஒட்டித் தைத்து, விளிம்பில் ஒரு தடித்த கயிற்றைப் படியவைத்துச் சிறு தையலால் பிடித்திருப்பார்கள். தூரத்திலிருந்து வடிவம் பளிச்சென்று தெரிவது அந்தக் கயிற்றால்தான். பாபின் வேலையும் அதையே செய்கிறது. கைக்குப் பதில் மெஷின், அதுவும் குப்புறக் கிடந்து.

குவில்ட் என்பதும் நமக்குப் புதிதல்ல. பழம்புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்பில் படுக்காத பாட்டி உண்டா? வங்காளத்தில் காந்தா, வட கர்நாடகத்துச் சித்தி மக்களிடம் கவந்தி என்று ஊருக்கு ஒரு பெயர். போர்த்திக்கொள்ள அல்லாமல் சுவரில் மாட்டிப் பார்க்கவே செய்வது கலைக்குவில்ட். அமெரிக்காவின் ஒஹாயோவில் ஏதென்ஸ் என்ற ஊரில் 1979-இல் அதற்கென்றே தொடங்கிய கண்காட்சி இன்றும் நடக்கிறது. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு விரிப்பு அல்லது பழைய போர்வை, அடியில் ஒரு துணி என்ற மூன்றடுக்கு மட்டும் மாறுவதில்லை. மேல்துணியில் சங்கரன்கோவில் பருத்திச் சேலையின் பச்சையும் பழுப்பும் காடும் பாறையுமாக ஆகும்.

இனித் தைப்பது. குப்புறப் போட்டுத் தைப்பதால் படம் இடவலம் மாறும். தென்காசிக் கோபுரத்துக்கு அதனால் கெடுதலில்லை, இரு பக்கமும் ஒன்றுதான். அருவி அப்படி இல்லை. எந்தப் பக்கம் பாறை துருத்துகிறது, எந்தப் பக்கம் நீர் பிரிகிறது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மாறினால் உடனே பிடித்துவிடுவார்கள். எழுத்து தைத்தால் சொல்லவே வேண்டாம். ஒரு வழி, வரைந்த தாளை ஜன்னல் கண்ணாடியில் திருப்பி வைத்து, வெளிச்சத்தில் துணியின் உள்பக்கத்தில் நகலெடுப்பது. எனக்குப் பிடித்த வழி வேறு. முதலில் நல்ல பக்கத்திலிருந்தே துணியின் நிறத்து மெல்லிய நூலில் முக்கியமான கோடுகளைத் தைத்துவிடுவேன். அது பின்பக்கத்திலும் தெரியும். துணியைத் திருப்பி, பாபினை மாற்றி, அந்தத் தடத்தின் மேலேயே போனால் குழப்பமே இல்லை. பஞ்சு இல்லாமல் மேல்துணியில் மட்டும் தைப்பதானால் பின்னால் பேப்பர் கேன்வாஸ் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் துணி சுருங்கும்.

ஊசி 14-ஆம் நம்பர், தையல் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர். நேர்த்தையலே போதும். புது மெஷினில் இருக்கும் பூத்தையல்களைத் தடித்த நூலில் போட்டால் பெரும்பாலும் கட்டியாகத் திரண்டு நிற்கும். நீர் வளைந்து நெளிந்து ஓட வேண்டுமானால் அடியில் இருக்கும் பல்லைத் தாழ்த்தி, எம்பிராய்டரிக்குத் தைப்பதுபோல் துணியைக் கையால் நகர்த்துங்கள். பல்லைத் தாழ்த்தும் வசதி இல்லாத மெஷினில் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் அது துணியை இழுக்காது. மேல்நூல் புள்ளி புள்ளியாக நல்ல பக்கத்தில் துருத்தினால் மேல் டென்ஷனைச் சற்று இறுக்குங்கள். தடித்த நூல் உள்ளே அமுங்கிப்போனால் தளர்த்துங்கள். இதற்கெல்லாம் ஒரு துண்டுத் துணி பக்கத்திலேயே இருக்கட்டும், அதுவும் அதே மூன்றடுக்காக.

தப்பு என்று நினைக்கும் ஒன்று இங்கே வரமாகும். திருகாணியை மிகவும் தளர்த்திவிட்டால் அடிநூல் சீராகப் படியாமல் சின்னச் சின்னச் சுருளாக எழும்பி நிற்கும். ஜாக்கெட்டில் அது நாசம். அருவியின் காலடியில், நீர் பாறையில் மோதிச் சிதறும் இடத்தில் அதைவிட நல்ல நுரை கிடைக்காது. நெருக்கமாக வட்டம் வட்டமாக ஓட்டினால் பாறைப் பாசியும் அதுவேதான், நூலின் நிறம் மட்டும் மாறும். ஐந்தருவிக்கு ஒவ்வொரு கிளைக்கும் வேறு தடிமனில் நூல் எடுக்கலாம். வெள்ளையே எடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனிச் சாரலில் வெள்ளையாக இறங்கும் நீர் ஐப்பசி மழையில் காவியும் பழுப்புமாகக் கொட்டும், அன்று குளிக்க விடமாட்டார்கள். அந்த நாளைத் தைக்க விரும்பினால் செம்மண் நிற நூல் தேடுங்கள்.

கோட்டைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பின்தையல் போடாதீர்கள், முடிச்சு மாதிரித் திரளும். முதல் தையலைக் கைச்சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, இரு முனையிலும் ஒரு விரல் நீளத்துக்கு மேல் நூலை விட்டு வெட்டுங்கள். வேலை முடிந்ததும் பெரிய காதுள்ள கை ஊசியில் தடித்த நூலின் முனையைக் கோத்துப் பின்பக்கம் இழுத்து, மேல்நூலோடு சேர்த்து முடிந்து, மிச்சத்தைப் பஞ்சுக்குள் ஓடவிட்டுவிடலாம். பாறை விளிம்பில் முடியும் கோடுகளுக்கு இதைப் பொறுமையாகச் செய்யுங்கள், அங்கேதான் பார்ப்பவர் கண் போகும். அருவியின் கடைசிக் கோடுகளில் ஒன்றிரண்டை மட்டும் நான் உள்ளே இழுப்பதில்லை. நல்ல பக்கத்திலேயே இழை பிரித்துத் தொங்க விடுகிறேன். ஜன்னல் காற்றுக்கு அவை அசைகின்றன.