பகலில் தெரியும் படம் இரவில் ஏன் மறைகிறது?

வாசலில் மாட்டிய கேமரா பகல் முழுக்கத் தெளிவாகப் படம் காட்டுகிறது. இருட்டியதும் திரை துடித்து 'வீடியோ லாஸ்' என்று வந்துவிடுகிறது. சற்று நேரத்தில் படம் திரும்பும், மறுபடி போகும். கேமரா போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. புதியதும் அதையே செய்யும். குறை பெரும்பாலும் கேமராவில் இல்லை, அதற்குப் போகும் ஒயரில்தான்.

படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியுடன் இயங்கும் கேமராவின் வாலில் இரண்டு முனைகள் இருக்கும். ஒன்று படத்துக்கான பிஎன்சி, மற்றது 12 வோல்ட் டிசி மின்சாரம் வாங்குவது. கடையில் 'த்ரீ பிளஸ் ஒன்' என்று கேட்டால் தரும் கேபிளில் இரண்டுக்கும் வழி உண்டு: படத்துக்கு ஒரு கோஆக்ஸியல், கூடவே மின்சாரத்துக்கும் ஒலிக்குமாக மூன்று மெல்லிய ஒயர்கள். ஒரே உறைக்குள் போனாலும் இரண்டின் சுபாவம் வேறு. நல்ல செப்புக் கேபிளில் படம் 200 மீட்டர் போனாலும் பெரிதாக மங்காது. 12 வோல்ட்டோ 50 மீட்டருக்குள் களைத்துவிடும்.

கணக்குப் போட்டால் புரியும். 0.2 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் 100 மீட்டருக்குச் சுமார் 8.5 ஓம் தடை. கேமரா 50 மீட்டர் தள்ளி இருந்தால் மின்சாரம் போக 50, வர 50. பகலில் கேமரா 0.15 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். வழியில் 1.3 வோல்ட் போய், கேமராவுக்கு 10.7 கிடைக்கும், பல கேமராக்கள் இதில் சமாளித்துவிடும். இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய, இழுப்பு 0.4 ஆம்பியருக்கு ஏறுகிறது. இழப்பு 3.4 வோல்ட், மிச்சம் 8.6. கேமரா அணைகிறது. அணைந்ததும் சுமை குறைந்து வோல்ட் ஏறுகிறது. உயிர் வந்து விளக்கு எரிந்ததும் மறுபடி அணைகிறது.

மலிவான கேபிளில் நிலைமை இன்னும் மோசம். உள்ளே இருப்பது முழுச் செப்பு அல்ல, செப்புப் பூச்சுள்ள அலுமினியம். தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரியும். காசை மிச்சம்பிடிக்க வேண்டிய இடம் கேபிள் இல்லை. சுவருக்குள் போனபின் அதை யாரும் மாற்றப்போவதில்லை.

தூரம் அதிகமென்றால் மின்சாரத்துக்கு மட்டும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயரைத் தனியாக இழுக்கலாம்; மேலே சொன்ன இழப்பு 0.7 வோல்ட்டாகக் குறையும். அல்லது கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு அடாப்டர் வைக்கலாம். ஆனால் டிவிஆர் ஒரு இணைப்பிலும் அடாப்டர் வேறு இணைப்பிலும் இருந்தால், இரு பக்க எர்த்துக்கும் உள்ள வித்தியாசத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடக்கூடும். அதனால் முதல் வழியே எனக்குப் பிடித்தது.

எல்லாக் கேமராக்களுக்கும் 12 வோல்ட் தருவது ஒரே எஸ்எம்பிஎஸ் பெட்டி என்றால் இரவு இழுப்பைக் கூட்டிப் பாருங்கள். நான்கு கேமராவுக்கு 5 ஆம்பியர் தாராளம். டிவிஆர் மட்டும் இன்வெர்ட்டரில் இருந்து, எஸ்எம்பிஎஸ் அதில் இல்லாமல் போனால், கரண்ட் போகும்போது கறுப்புத் திரைதான் பதிவாகும். இது வேடிக்கையல்ல, பல வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது.

பிஎன்சி மாட்டும்போது வெளிப் பின்னலின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் படமே வராது. டிசி பின்னில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். மாற்றி மாட்டினால் கேமரா நிரந்தரமாகக் கெடலாம். மூட்டுகளை வெறும் டேப் சுற்றி மழையில் விடாமல், மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். 230 வோல்ட் ஒயர் போகும் குழாயிலேயே கேமரா கேபிளையும் திணிக்காதீர்கள்.

ஐபி கேமரா என்றால் பிஓஇ சுவிட்ச் இருந்தால் போதும். ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் மின்சாரமும் 100 மீட்டர் வரை போகும். அங்கே சுமார் 48 வோல்ட் அனுப்புவதால் இழுப்பு குறைந்து வழி இழப்பும் குறைகிறது.

வேலை முடித்தவர் பணம் கேட்டு நிற்கும்போது ஒன்று செய்யச் சொல்லுங்கள். கேமராவின் முகத்தைக் கையால் நன்றாக மூடினால் பகலிலேயே இன்ஃப்ராரெட் எரியும். அப்போது கேமரா முனையில் மல்டிமீட்டர் 11 வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்டினால், வேலை இன்னும் முடியவில்லை.